99.9% கிருமிகளைக் கொல்லும் சோப்... உயிர் தப்பும் பாக்டீரியா தன் வாரிசுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறது?

போன வருஷம் எங்க அம்மாச்சிக்கு விடாத காய்ச்சல், கூடவே நீர்க்கடுப்பு. முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. யூரின் கல்ச்சர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார் டாக்டர். மூன்றாவது நாள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. இடது பக்கம் வரிசையாக 14 ஆன்டிபயாடிக் பெயர்கள். எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது 'ஆர்'.

விஷயத்தைச் சொன்னதும் அம்மாச்சி கேட்ட கேள்வி இதுதான்: "நான் என் வயசுக்கு இத்தன மருந்து பேரக் கேள்விப்பட்டதுகூட இல்ல. இந்தக் கிருமி எங்க போயி இதுக்கெல்லாம் பழகிக்கிட்டு வந்துச்சு?"

நியாயமான கேள்வி. சாப்பிடாத மருந்துக்கு எப்படி எதிர்ப்பு வந்தது? 'அளவுக்கு மீறி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கிருமி பழகிடும்' என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது கதையின் ஒரு பாதிதான். இன்னொரு பாதி நம்ம பாத்ரூம் ஷெல்ஃபில், சோப்பு தண்ணீர் போகும் சாக்கடையில், ஆஸ்பத்திரி தரை துடைக்கும் வாளியில் நடக்கிறது. ஆன்டிபயாடிக்கே இல்லாத சாதாரண கெமிக்கல்கள்கூட பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, அந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்படி செய்யும். எப்படின்னு பார்ப்போம்.

பாக்டீரியா 'பழகிக்கொள்வது' இல்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். ஜிம்முக்குப் போய் நாம் உடம்பை ஏற்றுவது போல, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு ஒரு பாக்டீரியா தன்னைத் தேற்றிக்கொள்வதில்லை.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்க. நம்ம குடலில் இருப்பது, சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியக் காரணமும் அதுதான். நல்ல சூடும் சாப்பாடும் கிடைத்தால் 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். ராத்திரி பத்து மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தால், அதே வேகத்தில் போனால் காலை எட்டு மணிக்கு 100 கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ-வை அது காப்பி எடுக்க வேண்டும். ரொம்ப கவனமாகத்தான் எடுக்கும். இருந்தாலும் தோராயமாக ஆயிரம் முறை காப்பி எடுத்தால் ஒரு எழுத்து தப்பாகிவிடும். இந்த எழுத்துப் பிழைக்குப் பெயர்தான் மியூட்டேஷன், அதாவது திடீர் மாற்றம்.

100 கோடி பாக்டீரியா இருக்கும் இடத்தில் இப்படி லட்சக்கணக்கான பிழைகள் சும்மாவே இருக்கும். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாது. சில, பாக்டீரியாவையே முடக்கிவிடும். அபூர்வமாக ஒன்று ஏதோ ஒரு விஷத்திலிருந்து தப்பிக்க உதவும். அந்த விஷம் வரும் நாளில் மற்றவை எல்லாம் சாகும், அந்த ஒன்று பிழைக்கும். மறுநாள் அந்த இடம் முழுக்க அதன் பிள்ளைகள்தான்.

இதை நிரூபித்த கதை சுவாரஸ்யமானது. சால்வடோர் லூரியா என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு நடன விருந்தில், காசு போட்டு விளையாடும் சூதாட்ட மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். பெரும்பாலும் ஒன்றும் விழாது, எப்போதாவது ஒரே அடியில் காசு கொட்டும். பாக்டீரியாவும் இப்படியா என்று யோசித்தார். பல டெஸ்ட் டியூபில் பாக்டீரியாவைத் தனித்தனியாக வளர்த்து, பிறகு அவற்றைக் கொல்லும் வைரஸோடு சேர்த்தார். வைரஸைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால், எல்லா டியூபிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை தப்பியிருக்க வேண்டும். ஆனால் பல டியூபில் பூஜ்யம், சிலவற்றில் ஒன்றிரண்டு, ஏதோ ஒன்றில் நூற்றுக்கணக்கில். அதாவது, எதிரி வருவதற்கு முன்பே தற்செயலாக மாற்றம் நடந்து, அது குடும்பமாகப் பெருகியிருக்கிறது. மேக்ஸ் டெல்புரூக்கோடு சேர்ந்து 1943-ல் இதை வெளியிட்டார் லூரியா. 1969-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ கெமிக்கலுக்கு இதில் என்ன வேலை? இரண்டு வேலை. ஒன்று, ஏற்கெனவே மாறியிருப்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இரண்டு, பிழைகளின் வேகத்தையே கூட்டுவது. இந்த இரண்டையும் செய்யும் ஒரு கெமிக்கலைப் பார்ப்போம்.

டிரைக்ளோசான்: தியேட்டரிலிருந்து பாத்ரூமுக்கு

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர்கள் கை கழுவும் திரவத்தில் 1970-களில் பயன்பட்டது டிரைக்ளோசான். நல்லா வேலை செய்தது. அப்படியே வெளியே வந்து சோப்பு, ஹேண்ட்வாஷ், டூத்பேஸ்ட், டியோடரன்ட் என்று ஏறியது. மேலைநாடுகளில் காய் வெட்டும் பலகையிலும் குழந்தைகளின் பொம்மையிலும்கூட சேர்த்தார்கள். 'ஆன்டிபாக்டீரியல்' என்று லேபிளில் போட்டால் விற்கும், அவ்ளோதான்.

அப்போது எல்லோரும் நம்பியது என்னவென்றால், டிரைக்ளோசான் பாக்டீரியாவைக் குண்டு வைத்துத் தகர்ப்பது போல மொத்தமாக அழிக்கிறது. ஒரே ஒரு இடத்தைக் குறிவைக்காததால், ஒரு எழுத்துப் பிழையால் அதிலிருந்து தப்பிக்க முடியாது.

1998-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் லெவியின் குழு இந்த நம்பிக்கையை உடைத்தது. குறைந்த அளவில் டிரைக்ளோசான் குறிபார்த்து அடிக்கும் மருந்தைப் போலத்தான் வேலை செய்கிறது. பாக்டீரியா தன் மேலுறைக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்க ஒரு என்சைம் வைத்திருக்கிறது. ஃபேப்-ஐ என்று பெயர். டிரைக்ளோசான் போய் அதில் பூட்டு போல மாட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த என்சைமுக்கான மரபணுவில் ஒரு எழுத்து மாறினாலும் போதும், பூட்டு பொருந்தாமல் போகும்.

இதில் நமக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. காசநோய்க்கு நாம் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்து குறிவைப்பதும், காசநோய்க் கிருமியில் இருக்கும் இதே குடும்பத்து என்சைமைத்தான். சோப்பில் போடும் சரக்கும் உயிர் காக்கும் மருந்தும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்று தெரிந்தபோதுதான் விஞ்ஞானிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

30 நாள்... ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராம்

சோப்பில் டிரைக்ளோசான் இருந்தால் பொதுவாக 0.1 முதல் 0.3 சதவிகிதம் வரை இருக்கும். கையில் அந்த அளவு பட்டால் நிறைய பாக்டீரியா சாகும். ஆனால் நாம் கை கழுவியதும் கதை முடிவதில்லை. அந்த நுரை சிங்க்கில் இறங்கி, சாக்கடைத் தண்ணீரில் கலந்து, நீர்த்து நீர்த்துப் போகிறது. கொல்லும் அளவு குறைந்து, 'தொல்லை கொடுக்கும் அளவு' மட்டும் மிஞ்சுகிறது. பாக்டீரியாவுக்கு ட்ரெய்னிங் சென்டர் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். சாதாரண ஈ.கோலையை எடுத்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் டிரைக்ளோசான் கலந்த திரவத்தில் 30 நாள் வளர்த்தார்கள். சோப்பில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவான அளவு இது. ஆன்டிபயாடிக் ஒரு துளிகூட சேர்க்கவில்லை. ஆனாலும் 30 நாள் கழித்து அந்தக் கூட்டத்திலிருந்து பல ஆன்டிபயாடிக்குகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காத பாக்டீரியா கிடைத்தது.

உள்ளே என்ன நடந்தது? டிரைக்ளோசான் தாக்கும்போது செல்லுக்குள் ஆக்சிஜனின் வீரியமான வடிவங்கள் உருவாகின்றன. இரும்பைத் துரு அரிப்பது மாதிரி இவை டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும். சேதத்தை அவசரமாக ஒட்டுப்போடும்போது எழுத்துப் பிழைகள் கூடும். பிழைகள் கூடினால், அவற்றில் ஒன்று பாக்டீரியாவுக்குச் சாதகமாக விழும் வாய்ப்பும் கூடும். முன்பு சொன்ன சூதாட்ட மெஷினில், ஒரு காசுக்குப் பதில் கை நிறைய காசு போட்டு ஆடுவது போல.

அப்படி மாறியிருந்த மரபணுக்களில் ஒன்று அதே ஃபேப்-ஐ. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மார்-ஆர், ஏசிஆர்-ஆர் என்ற மரபணுக்களும் மாறியிருந்தன. ஆன்டிபயாடிக்குக்கும் சோப்புக்கும் உள்ள முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

மோட்டார் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால்...

உங்க அபார்ட்மென்ட் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்க. டேங்க் நிரம்பினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச் இருக்கும். பாக்டீரியாவின் மேலுறையிலும் இப்படி ஒரு பம்ப் உண்டு. உள்ளே நுழையும் விஷத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவது அதன் வேலை. எப்போதும் ஓடினால் சக்தி வீண் என்பதால், தேவையில்லாத நேரத்தில் அதை அடக்கி வைக்க மார்-ஆர், ஏசிஆர்-ஆர் போன்ற சுவிட்சுகள் இருக்கின்றன.

மியூட்டேஷனில் சுவிட்ச் உடைந்துபோனால்? பம்ப் ராத்திரி பகலாக ஓடும். அந்தப் பம்ப் ஆள் பார்த்து வெளியே தள்ளுவதில்லை. டிரைக்ளோசானையும் தள்ளும், டெட்ராசைக்ளினையும் தள்ளும், சிப்ரோஃப்ளாக்சசினையும் தள்ளும். மருந்து உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடும். சோப்பு கெமிக்கலிலிருந்து தப்பிக்க நடந்த மாற்றம், இதுவரை பார்த்தே இராத மருந்துகளிலிருந்தும் காப்பாற்றுகிறது. இந்த மாற்றம் டி.என்.ஏ-விலேயே எழுதப்பட்டுவிட்டதால், செல் பிரியும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் உடைந்த சுவிட்சுதான் போகும். பேரன், கொள்ளுப்பேரன் என்று தொடரும்.

எல்லா மாற்றமும் இப்படிப் பரம்பரைச் சொத்தாவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெட்ரா லெவினின் குழு இன்னொரு விஷயத்தைக் கண்டது. பொதுவாக ஒரு வலுவான ஆன்டிபயாடிக்கில் பத்து லட்சத்தில் ஒரு பாக்டீரியா பிழைக்கும். டிரைக்ளோசான் சேர்ந்திருந்தபோது, 20 மணி நேரத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்று பிழைத்தது. சிறுநீர்த் தொற்று வந்த எலிகளுக்கு டிரைக்ளோசான் கலந்த தண்ணீர் கொடுத்தபோது, சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்த பிறகும் சுமார் 100 மடங்கு அதிக பாக்டீரியா மிஞ்சியிருந்தது. இங்கே மரபணு மாறவில்லை. டிரைக்ளோசான் பட்டதும் பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்திப் பதுங்கிவிட்டது. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் சுறுசுறுப்பாக வளர்வதைத்தான் அடிக்கும் என்பதால், பதுங்கியது தப்பித்தது. கெமிக்கலை எடுத்துவிட்டால் இந்தத் தற்காப்பு போய்விடும். ஆனால் அப்படித் தப்பிப் பிழைத்த கூட்டம்தான் நிலையான மியூட்டேஷன் உருவாக நேரம் கொடுக்கிறது.

'இதெல்லாம் உடம்புக்குள் எங்கே போகப்போகுது' என்று தோன்றலாம். 2003-04-ல் அமெரிக்காவில் 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது, நான்கில் மூன்று பேரிடம் டிரைக்ளோசான் இருந்தது.

வாரிசுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும்

நம்ம மரபணு நம்ம பிள்ளைகளுக்குத்தான் போகும். பாக்டீரியாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிளாஸ்மிட் என்ற சின்ன வட்ட டி.என்.ஏ-வைக் காப்பி எடுத்து, சொந்தமே இல்லாத பக்கத்து பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். போனில் ஃபைல் ஷேர் பண்ணுவது மாதிரிதான். ஒரே பிளாஸ்மிட்டில் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும், கிருமிநாசினியையோ பாதரசம், செம்பு போன்ற உலோகத்தையோ எதிர்க்கும் மரபணுவும் சேர்ந்தே இருப்பது உண்டு. அந்த இடத்தில் ஆன்டிபயாடிக்கே இல்லாவிட்டாலும், உலோகக் கழிவு இருந்தால் போதும். அதை எதிர்க்கும் பாக்டீரியா பிழைக்கும், ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஓசியில் கூடவே பிழைத்துப் பரவும்.

மருந்தே நேரடியாகக் கலக்கும் இடங்களும் உண்டு. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம்.

அப்போ சானிட்டைசர்?

லாக்டௌன் காலத்தில் பாட்டில் பாட்டிலாகப் பயன்படுத்தினோமே என்று கேட்பீர்கள். மெல்போர்னில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 1997 முதல் 2015 வரை சேகரித்து வைத்திருந்த என்டரோகாக்கஸ் ஃபேசியம் என்ற பாக்டீரியாவை ஒப்பிட்டு, 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. 2010-க்குப் பிறகு எடுத்தவை, 2004-க்கு முன்பு எடுத்தவற்றைவிட சுமார் 10 மடங்கு ஆல்கஹாலைத் தாங்கின. இந்த இடைவெளியில்தான் அங்கே ஆல்கஹால் ஹேண்ட்ரப் பழக்கம் வேரூன்றியது. தாங்கும் ரகங்களின் மரபணுவிலும் மாற்றங்கள் இருந்தன.

பயந்துவிடாதீங்க. அந்தச் சோதனை 23 சதவிகித ஆல்கஹாலில் நடந்தது. நல்ல சானிட்டைசரில் 60 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். ஆஸ்பத்திரியில் கை சுத்தம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம், அதை நிறுத்தவே கூடாது. இதில் நமக்கான பாடம் ஒன்றுதான்: தண்ணீர் கலந்து நீர்த்த சானிட்டைசர், பேருக்கு ஒரு சொட்டு... இதெல்லாம் கிருமியைக் கொல்லாது, பலமானதைப் பொறுக்கி எடுக்கும்.

மவுத்வாஷிலும் ஆஸ்பத்திரி கிருமிநாசினியிலும் இருக்கும் குளோர்ஹெக்சிடினுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஆய்வகத்தில் அதற்குத் தாக்குப்பிடிக்கப் பழக்கப்பட்ட கிளெப்சியெல்லா ரகங்கள் சில, கொலிஸ்டினுக்கும் அடங்காமல் போனதை 2017-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொலிஸ்டின் என்பது வேறு எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து.

நாம என்ன செய்யலாம்?

* சாதாரண சோப்பே போதும். சோப்பின் வேலை கிருமியைக் கொல்வதைவிட, அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான். 20 வினாடி தேய்த்துக் கழுவுங்க. வீட்டு உபயோகத்துக்கு ஆன்டிபாக்டீரியல் சோப்பு சாதாரண சோப்பைவிட மேலானது என்று கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்று சொல்லித்தான், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2016 செப்டம்பரில் டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை சோப்பு, ஹேண்ட்வாஷிலிருந்து எடுக்கச் சொன்னது.

* பின்பக்கத்தைப் படிங்க. முன்பக்கம் '99.9%' என்று பெரிசாக இருக்கும். டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் போன்ற பெயர்கள் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். போனில் போட்டோ எடுத்து ஜூம் பண்ணினால் தெரிந்துவிடும்.

* கிருமிநாசினி தேவைப்படும் இடத்தில் முழு அளவில். வீட்டில் யாருக்காவது தொற்று, ஆபரேஷன் புண் என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்க. தரை துடைக்கும் திரவத்தை லேபிளில் சொன்ன அளவில் கலங்க. சிக்கனம் பார்த்து அரை மூடி ஊற்றுவதைவிட, தேவையில்லாத நாளில் ஊற்றாமலே இருப்பது நல்லது.

* அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் கை வைக்காதீங்க. டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். 'போன தடவை இதுதான் கேட்டுச்சு' என்று மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்குவது, மிச்ச மாத்திரையைத் தம்பிக்குக் கொடுப்பது, சிங்க்கில் கொட்டுவது... மூன்றும் வேண்டாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சுவிட்ச் உடைந்த மோட்டாருக்குக் கரன்ட் பில் எகிறும் இல்லையா? பம்ப்பை ஓயாமல் ஓட்டும் பாக்டீரியாவுக்கும் அந்தச் செலவு உண்டு. கெமிக்கல் தொல்லை இல்லாத இடத்தில், செலவில்லாத சாதாரண பாக்டீரியாவோடு போட்டி போட்டால் பல நேரம் இது பின்தங்கும். எப்போதும் இப்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. செலவை ஈடுகட்டும் இன்னொரு மியூட்டேஷனும் வந்து சேரலாம். ஆனால் தொல்லையைக் குறைப்பது நம்ம கையில் இருக்கிறது.

உலகம் முழுக்க 2019-ல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்பது 'லான்செட்' இதழில் வந்த கணக்கு. அந்தக் கணக்கில் எங்க அம்மாச்சி சேராமல் போனதற்குக் காரணம், ரிப்போர்ட்டில் மிஞ்சியிருந்த ஐந்து 'எஸ்'. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஏழு நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது.

அந்தக் கிருமி எந்த ஊர்ச் சாக்கடையில், எந்த ஆஸ்பத்திரி வார்டில், யாருடைய உடம்பில் அந்த ஒன்பது மருந்துக்கும் தயாரானது என்று யாராலும் சொல்ல முடியாது. "அது பழகல அம்மாச்சி, அதோட பாட்டன் பூட்டன் சேர்த்து வச்ச சொத்து அது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாம சேர்த்து வைக்க வேண்டியது அந்த மருந்தத்தான்" என்றார். பாத்ரூமில் இருந்த கலர் கலர் ஹேண்ட்வாஷ் தீர்ந்த பிறகு எங்க வீட்டில் அடுத்ததை வாங்கவில்லை. இப்போ ஒரு சாதாரண சோப்புக் கட்டிதான் இருக்கிறது.